ஹாரி ஸ்டைல்ஸின் கவுன்: துணிச்சலா, துணி வியாபாரமா?

மழைக்காலன் எழுதியது:

நேற்று இரவு தூக்கம் வராமல் பழைய பத்திரிகை அட்டைகளை மேய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டது. 2020 டிசம்பர் மாத அமெரிக்க வோக் ஃபேஷன் பத்திரிகை, அட்டையில் ஆங்கிலப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ். வெளிர்நீல லேஸ் கவுன், அதன் மேல் கறுப்பு டக்சீடோ கோட்டு, வாயில் ஊதிக்கொண்டிருக்கும் பலூன். 1892-ல் தொடங்கிய பத்திரிகை. ஓர் ஆண் தனியாக அதன் அட்டையில் வந்தது அதுதான் முதல் தடவை.

அட்டை வெளியானதுமே அமெரிக்க வலதுசாரி விமர்சகர் கேண்டஸ் ஓவன்ஸ் "ஆண்மையுள்ள ஆண்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள்" என்று ட்விட்டரில் எழுத, பற்றிக்கொண்டது. ஹாரி வாயே திறக்கவில்லை. சில வாரம் கழித்து, வெளிர்நீல சூட்டும் பிரில் வைத்த சட்டையுமாக வாழைப்பழம் கடிக்கும் படம் ஒன்றைப் போட்டார். ஓவன்ஸ் சொன்ன அதே வாசகம்தான் படக்குறிப்பு. அதோடு சரி.

இவர் பாட்டு எனக்குச் சுமாராகத்தான் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2010-ல் ஒன் டைரக்‌ஷன் பாட்டுக்குழுவில் நுழைந்தபோது 16 வயதுப் பையன். ஐந்து பேரும் யாரோ எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அங்கிருந்து பத்தே வருடத்தில் கவுன். இது எதையாவது நிஜமாகவே அசைத்ததா, இல்லை நன்றாக விலைபோன ஒரு விளம்பரமா? நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.


நேர்பேச்சு எழுதியது:

விளம்பரம். இழையை மூடலாம்.


பழைய_ரெக்கார்டு எழுதியது:

மூடுவதற்கு முன் கிழவன் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

தம்பி மழைக்காலன், "முதல் தடவை" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். 1969 ஜூலை 5, லண்டன் ஹைட் பார்க். ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி. இரண்டு நாள் முன்புதான் அவர்கள் குழுவை ஆரம்பித்த பிரையன் ஜோன்ஸ் இறந்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு முன் குழுவின் பாடகர் மிக் ஜாகர் வந்து நின்றது வெள்ளை நிறத்தில், பிரில் வைத்து, பாவாடை போல விரியும் ஓர் அங்கியில். தைத்துக் கொடுத்தவர் மைக்கேல் ஃபிஷ். அதே ஃபிஷ்ஷின் அங்கியில் நீளமுடியோடு சாய்ந்து படுத்துக்கொண்டு பாடகர் டேவிட் போவி, 1971-ல் பிரிட்டனில் வெளியான ஓர் இசைத்தட்டு உறைக்குப் படம் பிடித்துக்கொண்டார். அது பிரிட்டன் பதிப்பில் மட்டும்தான். அமெரிக்கப் பதிப்புக்குக் கார்ட்டூன் ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். அப்புறம் 1972 ஜூலையில் பிபிசியின் டாப் ஆஃப் தி பாப்ஸ் நிகழ்ச்சியில் போவி வண்ண வண்ண உடையில், பக்கத்தில் நிற்கும் கிடார்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாடினார். பின்னாளில் பாடகர்களான எத்தனையோ பேர், அன்று வீட்டு டிவி முன் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னும் பின்னால் போனால் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட். 1950-களில், அமெரிக்காவின் தென்பகுதியில், ஒரு கறுப்பினப் பையன் முகத்தில் பவுடர், கண்ணில் மை, தலையில் கோபுரம் மாதிரி முடி. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, வெள்ளைக்காரப் பெண்கள் பின்னால் சுற்றுகிறான் என்று அவர்கள் வீட்டு ஆண்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் என்ற அர்த்தத்தில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஒப்பனை அவருக்கு அலங்காரம் மட்டும் இல்லை, கவசம்.

ஆகவே ஹாரி எதையும் உடைக்கவில்லை. எப்போதோ உடைந்து கிடந்த கதவு வழியாக நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். நடை அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.


நேர்பேச்சு எழுதியது:

ஐயா சொன்னவர்கள் எல்லாம் மேடைக்காகப் போட்டார்கள். கூத்துக் கட்டினால் வேஷம் கட்டத்தான் வேண்டும். இங்கே வாழ்க்கைமுறை என்று விற்கிறார்கள். 2021 நவம்பரில் இதே ஆள் பிளீசிங் என்று நகப்பூச்சுக் கம்பெனி ஆரம்பித்தது யாருக்கும் நினைவில்லையா? முதலில் தன் நகத்துக்குப் பூசு, பிறகு பாட்டிலில் அடைத்து விற்பனை. இதற்குப் புரட்சி என்று பெயர்.

ஆண் கவுன் போடுவது சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. போடட்டும். நான் கைதட்ட வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?


ஊசிமுனை எழுதியது:

கைதட்ட வேண்டாம். துணியையாவது பாருங்கள்.

நான் தையல் வேலையில் இருப்பவள். எல்லோரும் "கவுன், கவுன்" என்கிறீர்கள். எனக்கு அந்த அட்டையில் முதலில் தெரிந்தது மேலே இருக்கும் கோட்டுதான். அது இல்லாமல் கவுன் மட்டும் இருந்தால் பார்ப்பவர் கண் வேறு மாதிரி ஓடும். ஆணுக்கென்று வெட்டிய கோட்டு தோளைச் சதுரமாக்கி நிறுத்திவிடுகிறது, அதன் கீழ் லேஸ் அருவி மாதிரி விழுகிறது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்ததுதான் வேலை. பெண் வேடம் போட்டிருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. மார்புக்குப் பஞ்சு வைக்கவில்லை, நெஞ்சு முடியை மறைக்கும் ஆளும் இல்லை. பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்ற முயற்சியே இல்லாமல் பெண் உடை. போவி வழியில் இருந்து இது கொஞ்சம் விலகுகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இதில் பாதிப் பெருமை அந்தக் கவுனை வடிவமைத்த அலெசாண்ட்ரோ மிக்கேலேவுக்குப் போக வேண்டும். 2015 ஜனவரியில் மிலானில் குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்துக்காக அவர் காட்டிய முதல் ஆண்கள் அணிவரிசையிலேயே, கழுத்தில் பெரிய முடிச்சுக் கட்டும் பிளவுஸ்களைப் பையன்களுக்குப் போட்டு அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் அவசர அவசரமாகத் தைத்த உடைகள் அவை. ஹாரியை அலங்கரிக்கும் ஹாரி லாம்பெர்ட் அந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 2019 மே மாதம் நியூயார்க்கின் மெட் காலா ஃபேஷன் விழாவில் ஹாரி போட்ட மெல்லிய கறுப்பு லேஸ் மேல்சட்டை, இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் பேன்ட், ஒற்றைக் காதில் முத்துக் கடுக்கன், எல்லாமே மிக்கேலே வீட்டுச் சரக்கு. அந்த விழாவை நடத்திய ஐந்து பேரில் இவர்கள் இருவரும் இருந்தார்கள்.

அந்தக் கடுக்கனைப் பார்த்துத்தான் பலர் பதறினார்கள். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் ஓவியங்களைப் பாருங்கள், வான் டைக் வரைந்தவை. ராஜா காதில் ஒற்றை முத்து தொங்கும். பிரான்சின் பதினான்காம் லூயிக்கு 1701-ல் ரிகோ வரைந்த படம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: வெள்ளைக் காலுறை, லேஸ் கழுத்துப்பட்டை, சிவப்புக் குதிகால் செருப்பு. குதிகாலே ஐரோப்பாவுக்குப் பாரசீகக் குதிரை வீரர்களிடமிருந்து வந்த சமாச்சாரம், அங்கவடியில் கால் நழுவாமல் இருக்க. போர்க்கருவி மாதிரி ஒன்று.

லேஸ், முத்து, பட்டு, குதிகால் எல்லாம் ஆணிடமிருந்து எப்போது கழன்றது என்றால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930-ல் எழுதியபோது அதை ஆணின் மாபெரும் துறவு என்றே அழைத்தார். அழகாக இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, பயனுள்ளவனாக மட்டும் இருந்தால் போதும் என்று ஆண் ஒதுங்கிக்கொண்டானாம். அலுவலக சூட்டு வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வரும். துறவி உடைதானே அது, காவி நிறம் மட்டும் இல்லை.


பழைய_ரெக்கார்டு எழுதியது:

அம்மா, அந்தக் கோட்டு விஷயம் எனக்குப் புதிது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சரிதான்.


கண்ணம்மா_27 எழுதியது:

யாராவது அந்தக் கார்டிகனைப் பற்றிப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனவே நானே.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் டுடே டிவி நிகழ்ச்சி ஒத்திகைக்கு ஹாரி, ஆடை வடிவமைப்பாளர் ஜேடபிள்யூ ஆண்டர்சனின் ஒரு கார்டிகன் போட்டு வந்தார். பெரிய பெரிய கட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிறம், பாட்டி மடியில் வைத்துப் பின்னியது மாதிரி. அடுத்த மாதமே ஊரடங்கு. டிக்டாக்கில் பிள்ளைகள் அந்தக் கார்டிகனைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே பின்ன ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆண்டர்சனே மனமிரங்கி அதன் பின்னல் முறையை இலவசமாக வெளியிட்டார். அசல் கார்டிகன் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நானும் பின்னினேன் அண்ணா. இடது கை வலது கையைவிட நான்கு விரல் நீளம், அது தனிக் கதை. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு ஊசியை வாங்கிக்கொண்டான். பள்ளியில் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் முதல் கட்டத்தை முடித்தான். இப்போது அவன் போடும் தையல் என்னுடையதைவிட நேர்த்தி. வோக் அட்டை பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது அந்த அட்டையால் அல்ல.


வெள்ளெருக்கு எழுதியது:

கண்ணம்மா எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் இந்த இழையில் இன்னும் ஒரு பெயர் வராதது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க நடிகர் பில்லி போர்ட்டர்.

2019 பிப்ரவரி ஆஸ்கர் விழா. மேலே டக்சீடோ, கீழே வெல்வெட் கவுன், கிறிஸ்டியன் சிரியானோ தைத்தது. ஊசிமுனை அக்கா, நீங்கள் வோக் அட்டையில் ரசித்த அதே சேர்க்கை, கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பு, ஒரு கறுப்பின ஓரினச் சேர்க்கையாளர் உடம்பில். பிறகு வோக் அட்டை யாருக்குப் போனது? 2021-ல் லண்டன் சண்டே டைம்ஸ் பேட்டியில் போர்ட்டர் இதைத்தான் கேட்டார். தனக்கு இது அரசியல், வாழ்க்கை. ஆஸ்கருக்குக் கவுன் போட்டு வரும் இடத்தை அடைய ஆயுள் முழுக்கப் போராட வேண்டியிருந்தது. ஹாரி செய்ய வேண்டியதெல்லாம் வெள்ளையாகவும் ஆண்-பெண் ஈர்ப்பு உள்ளவராகவும் இருப்பது மட்டும்தான் என்றார். எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். அடுத்த மாதமே ஸ்டீபன் கோல்பேர் டிவி நிகழ்ச்சியில், உன் பெயரை இழுத்திருக்கக் கூடாது என்று ஹாரியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, கவனியுங்கள்.

ஹாரிக்கு யார் மேல் ஈர்ப்பு என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முத்திரை குத்திக்கொள்ள மறுத்தே வந்திருக்கிறார், அது அவர் உரிமை. நான் கேட்பது வேறு. ஒரே துணியை இரண்டு பேர் போடுகிறார்கள். ஒருவருக்கு அட்டைப்படம், இன்னொருவருக்கு அடி. துணி என்ன செய்தது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதுமா? அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று பேச வேண்டாமா?


நேர்பேச்சு எழுதியது:

பாருங்கள், இப்போது நீங்களே விளம்பரம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். நான் முதல் வரியில் சொன்னேன்.


வெள்ளெருக்கு எழுதியது:

இல்லை நண்பரே. உங்களுக்கு அந்தக் கவுன் அதிகம். எனக்கு அது போதவில்லை. இரண்டும் ஒன்றாகிவிடாது.


நேர்பேச்சு எழுதியது:

வார்த்தை விளையாட்டு. கவுன் போட்டவனுக்கெல்லாம் ஒரு தத்துவம் வைத்திருக்கிறீர்கள். இதற்கு மேல் உங்களைப் போன்றவர்களிடம்

[இந்தப் பதிவின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. ஆளைப் பேசாமல் விஷயத்தைப் பேசவும். - மட்டுறுத்துநர்]


மழைக்காலன் எழுதியது:

ஆரம்பித்தவன் என்ற முறையில் உள்ளே வருகிறேன்.

வெள்ளெருக்கு சொன்ன விலை என்ற வார்த்தை பிடித்துக்கொண்டது. அதை வைத்துப் பழைய ரெக்கார்டு ஐயா போட்ட பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். அதில் கறுப்பினப் பாடகர் பிரின்ஸ் இல்லை. 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் பாட வந்தார். நீளக் கோட்டு, உள்ளே கறுப்பு ஜட்டி. கூட்டம் ஊளையிட்டது, கையில் கிடைத்ததை எல்லாம் வீசியது, பாதியில் மேடையை விட்டு இறங்கினார். அந்தக் கூட்டம் யாரைப் பார்க்க வந்திருந்தது? 1969-ல் வெள்ளைப் பாவாடையில் ஆடிய அதே ஜாகரை.

ஆக ஐயா, கதவு உடைந்து கிடந்தது என்றீர்களே, அது எல்லோருக்கும் உடைந்து கிடக்கவில்லை. ஜாகர் போனபோது திறந்தது, பிரின்ஸ் வந்தபோது முகத்தில் அடித்துச் சாத்தியது.

ஆனால் இதிலிருந்து "ஹாரி செய்தது சும்மா" என்ற முடிவுக்கும் என்னால் வர முடியவில்லை. விலை கொடுக்காதவன் செய்வதற்கும் ஒரு வேலை இருக்கிறது. போர்ட்டரைப் பார்த்து "அவர் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடக்கூடிய ஆளால், பெண் ரசிகைகள் கோடிக்கணக்கில் உள்ள ஹாரியை அப்படி ஒதுக்க முடியாது. ஓவன்ஸ் பதறியது அதனால்தான் என்று படுகிறது. பழக்கப்பட்ட பெட்டிக்குள் அடைபடாத ஆள்.


பழைய_ரெக்கார்டு எழுதியது:

பிரின்ஸை விட்டது என் பிழை. அந்தக் கச்சேரியைப் பற்றி அப்போதே படித்தவன் நான், இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்ததே இல்லை. வயதானால் பட்டியல் போடத் தெரிகிறது, கூட்டிக் கழிக்க வரமாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நிர்வானா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1993 செப்டம்பரில் தி ஃபேஸ் பத்திரிகை அட்டையில் பூப்போட்ட கவுனோடு வந்தார். லேஸ் இல்லை, பெரிய கம்பெனி இல்லை, சவரம் செய்யாத முகம். தன் கச்சேரிக்கு வரும் முரட்டு ஆண் கூட்டத்தைச் சீண்டுவதற்கென்றே போட்டமாதிரி இருக்கும். எனக்கு என்னவோ இந்த எல்லாக் கவுன்களிலும் அதுதான் நேர்மையானது. வாதம் இல்லை, ரசனை.


கண்ணம்மா_27 எழுதியது:

ஐயா, நேர்மையானதென்றால் அசிங்கமாக இருக்க வேண்டுமா? ஹாரியின் கவுன் அழகாக இருக்கிறது என்பதாலேயே அதற்கு மதிப்பெண் குறைக்கிறீர்கள். பெண்களுக்கும் இதேதான் செய்வார்கள். நன்றாக உடுத்தினால் மூளை இல்லை.

2021 கிராமி இசை விருது விழாவில் ஹாரி தோலாடை மேல் பச்சை இறகு மாலை போட்டு வந்து பாடினார். அதன் பிறகு அவர் கச்சேரிகளுக்குப் போனவர்கள் எல்லாம் கழுத்தில் இறகோடு போனார்கள், பையன்களும்தான். முடிந்ததும் அரங்கத் தரையைப் பார்த்தால் கோழிப்பண்ணை. காணொளியில் பார்த்ததற்கே எனக்கு மூக்கு அரித்தது. ஒரு பையன் இரண்டு மணி நேரம் இறகு மாட்டிக்கொண்டு ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறான், யாரும் அடிக்கவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?


வெள்ளெருக்கு எழுதியது:

வரவில் எழுதுவேன் கண்ணம்மா, தயங்காமல். அரங்கத்துக்குள் என்ற குறிப்போடு.

2023 பிப்ரவரியில் ஹாரி வண்ணக் கட்டங்கள் மின்னும் ஜம்ப்சூட்டோடு கிராமிக்கு வந்து, ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கினார். அடுத்த மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், எதிர்ப்பால் வேடமிட்டு நடத்தும் சில வகை நிகழ்ச்சிகளைப் பொது இடத்தில் கட்டுப்படுத்தும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஒரே நாடு, ஒரு மாத இடைவெளி. ஒரு பக்கம் விருது மேடை, மறுபக்கம் சட்டப்புத்தகம்.

இதையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி அமெரிக்காவின் ஜிம்மி ஃபாலன் டிவி நிகழ்ச்சிக்குப் பாவாடை கட்டிக்கொண்டு போனார். போர்ட்டோ ரிக்கோவில் அந்த வாரம் ஒரு திருநங்கை சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். செய்திகள் அவரைப் "பாவாடை கட்டிய ஆண்" என்று எழுதின. பேட் பன்னியின் சட்டையில் அந்தப் பெண்ணின் பெயரும், கொன்றது அவரைத்தான், பாவாடை கட்டிய ஆணை அல்ல என்ற வாசகமும் இருந்தன. பாவாடை கட்டிய ஓர் ஆண் அதைச் சொன்னார் என்பதுதான் விஷயம். ஹாரியிடம் இப்படி ஒரு வரியை நான் எதிர்பார்த்தேன். அவர் கச்சேரியில் கொடி பிடித்து ஓடியிருக்கிறார், ரசிகர்கள் வீட்டாரிடம் தங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல மேடையிலிருந்தே உதவியிருக்கிறார், அதெல்லாம் தெரியும். ஆனால் உடையைப் பற்றிக் கேட்டால், தடைகளை எடுத்துவிட்டால் விளையாட இடம் பெரிதாகிறது என்ற மாதிரி வோக் பேட்டியில் சொன்னார். விளையாட்டு. எனக்கு நகப்பூச்சு ஒரு நாளும் விளையாட்டாக இருந்ததில்லை. வேலைக்குப் போகும் முன் பஞ்சால் அழிப்பேன், சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கோடு மிஞ்சிவிடும், நாள் முழுக்கக் கையை மடக்கியே வைத்திருப்பேன். போன வருடத்திலிருந்து அழிப்பதில்லை. பக்கத்து மேசைப் பையன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஹாரி மாதிரியா?" என்றான். எரிச்சலாக இருந்தது. கூடவே, அவன் வேறு எதுவும் சொல்லாமல் போனது நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.


மழைக்காலன் எழுதியது:

இதற்கு என்ன எழுதுவது என்று அரைமணி நேரமாகத் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியதற்கு நன்றி.


நேர்பேச்சு எழுதியது:

நேற்று எழுதியதில் நீக்கப்பட்ட பகுதிக்கு வெள்ளெருக்கிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். கருத்து மாறவில்லை. நகப்பூச்சுக் கம்பெனி இப்போதும் கம்பெனிதான்.

ஊசிமுனை அவர்களுக்கு ஒரு சந்தேகம். மெட் காலாவில் போட்டிருந்ததாகச் சொன்னீர்களே, இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் பேன்ட். அது மட்டும் நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொப்பை உள்ளவர்களுக்கு அது சரிப்படுமா? லேஸ் எல்லாம் வேண்டாம். பேன்ட் மட்டும்.


ஊசிமுனை எழுதியது:

தாராளமாகச் சரிப்படும். தொப்பைக்குக் கீழே பெல்ட் போட்டு இறுக்குவதைவிட இதுதான் நல்லது. கட்டுப்பட்டி தொப்புளுக்கு மேலே இரண்டு விரல் ஏறி உட்கார வேண்டும். முன்பக்கம் இரண்டிரண்டு மடிப்பு, உள்ளே பார்த்த மாதிரி. பின்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். பெல்ட் வளையம் வேண்டாம், பக்கவாட்டில் பட்டன் வைத்த பட்டி போதும். துணி மட்டும் நன்றாக விழும் துணியாக எடுங்கள், விறைப்பானது எடுத்தால் கூடாரம் மாதிரி நிற்கும்.

அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எல்லா ஆண்களும் அதைத்தான் செய்கிறார்கள்.